இன்னும் ஒரு மூடி

விஷத்தை 'மருந்து' என்று மரியாதையாக அழைக்கும் வழக்கம் எங்கள் தஞ்சை ஜில்லாக் கிராமங்களில் உண்டு. "வயலுக்கு மருந்தடித்தாயிற்றா?" என்று கேட்பார்களே தவிர, "விஷம் தெளித்தாயிற்றா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். பயிருக்கு நோய் வந்திருக்கிறது. நோய்க்கு மருந்து கொடுக்கிறோம். இதில் தவறு என்ன? ஆனால் வைத்தியர் கொடுக்கும் மருந்துக்கு வேளைக்கு இத்தனை என்று ஓர் அளவு உண்டு. வயலுக்கு அடிக்கும் மருந்துக்கும் அளவு இருக்கத்தான் இருக்கிறது. புட்டியின் மேல் மிகச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். வரப்பில் நிற்கும் மனிதனின் பயம் அந்த எழுத்தை விடப் பெரியதாக இருப்பதுதான் கஷ்டம்.

அந்தப் பயத்தால் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். நடுவில் கொஞ்சம் ரஸாயன சாஸ்திரமும் வரும். வாசகர்கள் பயப்பட வேண்டியதில்லை. எனக்கு விளங்கியதை மட்டுமே சொல்லப் போகிறேன். எனக்கு விளங்கியது அதிகமும் இல்லை.

1983-ஆம் வருஷம். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, 'உத்தியோகம் தேடிக் கொண்டிருக்கிறான்' என்ற கௌரவமான பெயரோடு வீட்டில் சும்மா இருந்தேன். என் தகப்பனார் காலில் அடிபட்டுப் படுத்திருந்தபடியால், அந்த வருஷத்துச் சம்பா சாகுபடியின் மேற்பார்வை என் தலையில் வந்து விழுந்தது. எங்களுக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர். பெரிய பண்ணை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வருஷம் என் தங்கையின் கல்யாணம் அந்த ஒன்றரை ஏக்கரின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

கார்த்திகைக் கடைசியில் பயிரில் புகையான் விழுந்தது. இந்தப் பெயரை வைத்தவன் நல்ல கவியாக இருந்திருக்க வேண்டும். பச்சைப் பசேலென்று இருக்கும் வயலின் நடுவில், வட்ட வட்டமாகப் பயிர் பழுத்துக் காய்ந்து, அடியில் யாரோ தீ மூட்டிப் புகை போட்டாற் போல் ஆகிவிடும். தூரை விலக்கிப் பார்த்தால், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்பு நிறத் தத்துப்பூச்சிகள் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். நான் பார்த்தபோது இரண்டு வட்டங்கள்தான் இருந்தன. என் கண்ணுக்கு மட்டும் வயல் முழுவதுமே ஒரே வட்டமாகத் தோன்றிற்று.

டவுனுக்கு ஓடினேன். கடையில் ஒரு புட்டி மருந்து கொடுத்தார்கள். "ஒரு டாங்கிக்கு இரண்டு மூடி ஊற்றினால் போதும்" என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார்.

எங்கள் வயலில் வேலை செய்தவரை நான் 'அண்ணே' என்று கூப்பிடுவது வழக்கம். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் நெம்பிக்கொண்டே மறு கையால் குழாயை வீசி வீசிச் சேற்றில் நடப்பது எளிய வேலை அல்ல. அவருடைய பாதுகாப்பு ஏற்பாடெல்லாம் வாயையும் மூக்கையும் சுற்றிக் கட்டிய ஒரு துண்டுதான். காலில் செருப்பு இல்லை; முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி; மேலே சட்டை இல்லை.

மருந்தை அளந்து ஊற்றுவது என் பொறுப்பு. முதல் டாங்கிக்கு இரண்டு மூடி ஊற்றினேன். நிமிர்ந்து அந்தப் பழுத்த வட்டங்களைப் பார்த்தேன். இரண்டு மூடியில் இவையெல்லாம் சாகுமா என்று தோன்றிற்று. இன்னும் ஒரு மூடி ஊற்றினேன். கல்யாணம் நினைவுக்கு வந்தது. இன்னும் ஒரு மூடி. அவர் வாய்க்காலிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து, "சரியா ஊத்தினீங்களா, தம்பி?" என்று கேட்டார். "ஊற்றினேன், அண்ணே" என்றேன். அது பொய் அல்ல. 'சரியா' என்ற வார்த்தைக்கு மட்டும் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். பிறகு ஒவ்வொரு டாங்கிக்கும் நாலு மூடி.

ஆறாவது டாங்கியின்போது வாடைக் காற்று திரும்பி அடித்தது. ஏழாவது டாங்கியை மாட்டிக்கொள்ள எழுந்தவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் குளிர்காற்றிலும் அவருக்கு வேர்வை ஆறாய்ப் பெருகிற்று. வாயிலிருந்து எச்சில் வடிந்தது. தசைகள் தாமாகவே துடித்தன. கண்ணைப் பார்த்தேன். கண்மணி கடுகளவாகச் சுருங்கியிருந்தது. மாட்டு வண்டியில் போட்டு ரஸ்தாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒரு காரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் கண்மணியைப் பார்த்த மாத்திரத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டு அட்ரோபின் ஊசி போடத் தொடங்கினார். மூன்று நாள் விடாமல் போட்டார்கள். மனிதர் பிழைத்துக்கொண்டார்.

எப்படி அந்த மருந்து அவரைத் தாக்கிற்று என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். நரம்பின் நுனியிலிருந்து தசைக்கு ஓர் உத்தரவு போகும்போது, அசிட்டைல்கோலின் என்ற ஒரு வஸ்து அதைக் கொண்டு செல்கிறது. உத்தரவு போய்ச் சேர்ந்தவுடன் அந்த வஸ்துவைத் துடைத்து அப்புறப்படுத்த ஒரு நொதி இருக்கிறது. நான் ஊற்றியது பாஸ்பரஸ் வகையைச் சேர்ந்த நஞ்சு; அது துடைக்கிறவனின் கையைக் கட்டிப் போட்டுவிடுகிறது. உத்தரவு ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. வேர்வைச் சுரப்பி வேர்த்துக்கொண்டே இருக்கிறது. தசை துடித்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் மூச்சு விடும் தசையும் களைத்து நின்றுவிடுகிறது. பூச்சிக்கும் இதே ஏற்பாடு; மனிதனுக்கும் இதே ஏற்பாடு. பூச்சி எது, மனிதன் எது என்று அந்த நஞ்சுக்குத் தெரியாது.

இத்தனைக்கும் புகையான் ஒழிந்ததா? பத்து நாளில் முன்னைவிட அதிகமாக வந்தது! அது எனக்கு வெகு நாள் புதிராக இருந்தது. புகையானைத் தின்று வாழும் சிலந்திகளும் சிறு நாவாய்ப்பூச்சிகளும் தூருக்குத் தூர் இருக்கின்றன. என் நாலு மூடி முதலில் அவற்றைத்தான் கொன்றது. இலைத் தாளுக்குள் பத்திரமாக இருந்த புகையான் முட்டைகள் பொரித்து வெளியே வந்தபோது, அவற்றைக் கேட்பாரில்லை. இந்தோனேஷியா தேசத்தில் இந்த அனுபவம் நாடு முழுவதும் ஏற்பட்டு, 1986-ஆம் வருஷம் அந்நாட்டு ஜனாதிபதி நெல் வயலில் 57 வகைப் பூச்சி மருந்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டார். அவர்கள் ஒரு தேசமாகக் கற்ற பாடத்தை நான் ஒன்றரை ஏக்கரில் கற்றிருக்கலாம். ஆனால் நான் அப்போது, 'ஐந்து மூடி ஊற்றியிருக்க வேண்டும்' என்றுதான் நினைத்தேன்.

எங்கள் தங்கையின் கல்யாணம் கடன் வாங்கி நடந்தது. அண்ணன் மறுபடி தெளிப்பானைத் தொடவில்லை. நாலு மூடி விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

*

சென்ற பொங்கலுக்கு அந்தத் தங்கையின் மகள் ஊருக்கு வந்திருந்தாள். அவள் ரஸாயனம் படித்து, பாலிமர் சம்பந்தமாக ஆராய்ச்சி செய்கிறாள். "என்னம்மா ஆராய்ச்சி?" என்று கேட்டேன். "பூச்சி மருந்துக்குச் சட்டை தைக்கிறேன், மாமா" என்றாள். இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தையல் தெரியாது என்று யார் சொன்னது?

நான் முழித்ததைப் பார்த்துவிட்டு, ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். ஸ்நான அறையிலிருந்து டெட்டால் புட்டியையும் கொண்டு வந்து, நாலு சொட்டு விட்டாள். தேன் நிறத்தில் தெளிவாக இருந்த திரவம் தண்ணீரைத் தொட்டதும் பால் போல் வெளுத்துவிட்டது. எத்தனையோ வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏன் வெளுக்கிறது என்று ஒரு தடவையாவது கேட்டுக்கொண்டதில்லை.

"புட்டிக்குள் எண்ணெய்ச் சத்தும் கிருமிநாசினியும் ஸ்பிரிட்டிலும் சோப்பிலும் கரைந்திருக்கின்றன. தண்ணீர் பட்டதும் ஸ்பிரிட் தண்ணீரோடு போய்விடும். எண்ணெய்க்கு இருக்க இடமில்லை. கோடிக்கணக்கான சிறு துளிகளாகத் திரண்டுவிடும். நான் செய்வதும் ஏறத்தாழ இதுதான். துளி இன்னும் சிறியது, துளிக்குப் பதில் உருண்டை" என்றாள்.

பாலிமர் என்பது ஒரே மாதிரியான சிறு மூலக்கூறுகளைச் சரம் சரமாகக் கோத்தது. மல்லிகைச் சரத்தை நினைத்துக்கொண்டால் போதும். பஞ்சும் பாலிமர்தான், சோற்றில் உள்ள மாவுச்சத்தும் பாலிமர்தான். தயிரின் புளிப்புக்குக் காரணமான லாக்டிக் அமிலத்தைக் கோத்து ஒரு பாலிமர் செய்கிறார்கள். இறால் ஓட்டையும் நண்டு ஓட்டையும் காரத்தில் வேகவைத்து, 'கைட்டோசான்' என்று மற்றொன்று செய்கிறார்கள். இத்தகைய பாலிமர் ஒன்றையும் பூச்சி மருந்தையும் அசிட்டோன் போன்ற திரவத்தில் கரைத்து, கலக்கிக்கொண்டிருக்கும் தண்ணீரில் ஊற்றினால், அசிட்டோன் தண்ணீரோடு கலந்து பிரிந்துவிடுகிறது. பாலிமர் தண்ணீரில் கரையாமல் சுருண்டு திரள்கிறது. திரளும்போது மருந்தையும் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிறது.

அந்த உருண்டையின் அளவு என்ன? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமயிரின் கனம் சுமார் 80,000 நானோமீட்டர். அவளுடைய உருண்டை 200 நானோமீட்டர். அதாவது, 400 உருண்டைகளை வரிசையாக வைத்தால் ஒரு மயிரின் கனத்துக்கு வரும். 'மயிரிழையில் தப்பினான்' என்று நாம் சொல்வது இவர்கள் கணக்கில் பெரிய ராஜபாட்டை!

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்டேன். அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள்: "மாமா, வயலில் அடிக்கிற மருந்தில் பூச்சியின் மேல் போய்ச் சேருவது எவ்வளவு இருக்கும்?"

பாதியாவது இருக்கும் என்றேன். அவள் சிரித்தாள். அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையில் டேவிட் பிமென்டல் என்ற பேராசிரியர் 1995-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். குறி வைத்த பூச்சியைச் சென்று அடைவது நூற்றுக்கு 0.1 பங்குக்கும் குறைவு என்பது அவர் கணக்கு. அதாவது ஆயிரம் சொட்டில் ஒரு சொட்டுக்கூட இல்லை. மற்றதெல்லாம் காற்றில் போகிறது, வெயிலில் சிதைகிறது, மழையில் கழுவிக்கொண்டு வாய்க்காலுக்குப் போகிறது, மண்ணில் இறங்குகிறது, அடிக்கிறவன் மேல் விழுகிறது. என் நாலு மூடிகள் எங்கெங்கே போயின என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உருண்டைக்குள் இருக்கும் மருந்து வெயிலுக்கும் மழைக்கும் சுலபமாக மசிவதில்லை. வேப்பெண்ணெயின் சத்தான அஸாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். சட்டை போட்டுவிட்டால் சற்று அதிக நாள் தாங்கும். இலையின் மேற்புறம் பெரும்பாலும் எதிர் மின்சாரம் கொண்டது, கைட்டோசான் நேர் மின்சாரம் கொண்டது, ஆகையால் ஒட்டிக்கொள்கிறது. மருந்தை ஒரேயடியாகக் கொட்டாமல், சிறிது சிறிதாக வெளியே விடுகிறது. பிரேஸில் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் அட்ரஸீன் என்ற களைக்கொல்லியை இப்படிப் பாலிமர் குப்பிக்குள் அடைத்து, கடுகுச் செடியின் மேல் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் குப்பிக் கரைசலில் பத்து மடங்கு தண்ணீர் விட்டு இளக்கியும் களை கொல்லும் சக்தி குன்றவில்லையாம்.

இதைவிட என்னைக் கவர்ந்தது ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்தில் நடந்த ஆராய்ச்சி. திராட்சைக் கொடியின் அடிமரத்துக்குள் புகுந்து அரிக்கும் 'எஸ்கா' என்ற பூஞ்சண நோய் ஒன்று உண்டு. அந்தப் பூஞ்சணம் மரத்துக்கு விறைப்பைக் கொடுக்கும் லிக்னின் என்னும் பொருளை நொதி விட்டுக் கரைத்துத் தின்று பிழைக்கிறது. மைன்ஸ் விஞ்ஞானிகள் அந்த லிக்னினையே கொண்டு உருண்டை செய்து, அதற்குள் பூஞ்சணக்கொல்லியை வைத்து, கொடியின் அடிமரத்தில் துளையிட்டு உள்ளே செலுத்தினார்கள். பூஞ்சணம் வழக்கம் போல் நொதியை விட்டு உருண்டையைக் கரைத்தது. உள்ளே இருந்த நஞ்சு வெளியே வந்தது. பூஞ்சணம் இல்லாவிட்டால் உருண்டை திறப்பதில்லை. எலிப்பொறியில் மசால் வடை வைப்பது போன்ற யுக்திதான். வடை எலியைத் தேடிப் போவதில்லை. எலி வடையைத் தேடி வருகிறது. இந்த ஆராய்ச்சி 2019-ல் வெளிவந்தது. அதே வருஷம், உலக ரஸாயன நிபுணர்களின் சங்கமான ஐயூபாக், எதிர்காலத்தில் உலகத்துக்குப் பயன்படக்கூடிய பத்துப் புதுமைகளைப் பட்டியல் போட்டபோது, நானோப் பூச்சிக்கொல்லியையும் அதில் சேர்த்தது.

எனக்கு ஒரே உற்சாகமாகிவிட்டது. "அப்படியானால் இனிமேல் கவலையே இல்லை!" என்றேன்.

"யார் சொன்னது கவலை இல்லையென்று?" என்றாள் மருமகள்.

*

அப்போதுதான் அண்ணன் வந்தார். அவருக்கு இப்போது வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. பொங்கலுக்கு ஒரு கட்டுக் கரும்பும் மஞ்சள் கொத்தும் கொண்டுவந்து கொடுப்பதை அவர் விடுவதில்லை. அவருக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பதை நானும் விடுவதில்லை. என் வேட்டிக்கு உள்ள காரணம் எனக்குத் தெரியும். அவர் கரும்புக்கு உள்ள காரணம் அன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

திண்ணையில் உட்கார்ந்து, மருமகள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"பாப்பா, அந்தக் குப்பிக்குள்ளே இருக்கிறது புது மருந்தா? பழைய விஷந்தானா?"

"பெரும்பாலும் பழையதுதான், தாத்தா. சட்டைதான் புதுசு."

"காத்திலே போயி வேறே உசிரு மேலே பட்டா?"

அவள் சற்று யோசித்துத்தான் பதில் சொன்னாள். 1970-களில் அமெரிக்காவில், இதைவிடப் பெரிய குப்பிகளில் ஒரு பாஸ்பரஸ் நஞ்சை அடைத்து விற்றார்கள். தொழிலாளிகளுக்கு அபாயம் குறைவு என்பதுதான் அதன் பெருமை. ஆனால் குப்பியின் அளவு ஏறக்குறைய மகரந்தத் தூளின் அளவாக அமைந்துவிட்டது. தேனீக்கள் மகரந்தத்தோடு அதையும் சேர்த்துக் கூட்டுக்குக் கொண்டு போயின. அங்கே குஞ்சுகளுக்கு ஊட்டின. கூடு கூடாக மாண்டன. மனிதனைக் காப்பாற்றச் செய்த சட்டை தேனீக்கு எமனாக முடிந்தது. மற்றொரு சங்கதி, சட்டை மக்க வேண்டும். மக்காத பாலிமர் மண்ணில் தங்கிப் பிளாஸ்டிக் தூளாகச் சேர்ந்துகொண்டே போகும். ஐரோப்பிய யூனியன் 2023-ல் நுண்பிளாஸ்டிக்கைத் தடுக்கச் சட்டம் செய்தபோது, பயிர் மருந்துக் குப்பிகளுக்கும் சேர்த்து, மாற்றிக்கொள்ள எட்டு வருஷ அவகாசம் கொடுத்தது. நம் நாட்டிலும் 2020-ல் நானோ விவசாயப் பொருள்களைப் பரிசோதிப்பதற்கென்று மத்திய சர்க்கார் வழிகாட்டும் விதிகளை வெளியிட்டிருக்கிறது.

"நாங்கள் செய்வதில் பெரும் பகுதி இன்னும் ஆராய்ச்சிச் சாலையிலும் பூந்தொட்டியிலும்தான் இருக்கிறது, தாத்தா. வயலுக்கு வருமுன் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன."

"அடிக்கிறவனுக்கு எப்படி?" என்று கேட்டார் அண்ணன்.

"மருந்தின் அளவு குறையும். இப்போது மருந்தைக் கரைக்க ஊற்றுகிறார்களே, நெடி அடிக்கிற எண்ணெய், அது வேண்டியதில்லை. அதனால் அபாயம் குறையும் என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் துகள் மிகச் சிறியது. மூச்சோடு உள்ளே போனால் என்ன ஆகும், தோலில் பட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றையும் தனியாகச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்."

"அப்போ நெடி இருக்காதா?"

"இப்போது இருக்கிற மாதிரி இருக்காது, தாத்தா" என்றாள் அவள், அதை ஒரு நல்ல செய்தியாக நினைத்து.

அண்ணன் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நெடிதானே பாப்பா எங்களுக்குத் தாக்கல் சொல்லும்? புட்டியிலே எழுதியிருக்கிறது எங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஊத்துறவங்க எவ்வளவு ஊத்தினாங்கன்னு மூக்குதான் சொல்லும்" என்றார்.

என் நெஞ்சு ஒரு தரம் நின்று அடித்தது. நாற்பது வருஷத்துக்கு மேலாக வாய்க்குள் வைத்திருந்தது அன்று வெளியே வந்துவிட்டது.

"அண்ணே, அன்றைக்கு நான் டாங்கிக்கு நாலு மூடி ஊற்றினேன்."

"தெரியுமே, தம்பி" என்றார் அவர்.

நான் வாயடைத்துப் போனேன். மருமகள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூணாவது டாங்கியிலேயே நெடி சொல்லிடிச்சு. கேக்கலாமான்னு பார்த்தேன். கேட்டா, 'வேலையிலே சோம்பல், சாக்குச் சொல்றான்'னு நினைச்சுக்குவீங்களோன்னு ஒரு பயம். அப்பா படுத்திருக்காரு, தங்கச்சிக்குக் கல்யாணம், உங்களுக்கு ஒரு பயம். ரெண்டு பயமும் சேர்ந்து அடிச்ச மருந்துதானே அது?"

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை ஏற்றுக்கொண்டதாகவும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மருமகளின் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கினார்:

"பத்திலே ஒரு பங்கு போதும்னு நீ சொல்றே, பாப்பா. நம்பறேன். ஆனா வயல் பழுத்துக் கிடக்கிறப்போ, அந்தச் சின்ன அளவை நம்பி ஒருத்தன் கையை நிறுத்துவானா? மூடி அப்பவும் இருக்கும் இல்லே?"

நான் அந்தக் கேள்வியை இன்னும் விட்டபாடில்லை. 2017-ஆம் வருஷத்தில் மஹாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில், பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபது பேருக்கு மேல் மாண்டு போனார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். 1983-ல் எங்கள் வரப்பில் நடந்தது பழங்கதை ஆகிவிடவில்லை. ஆகையால் மருமகள் தைக்கிற சட்டை நாட்டுக்கு வேண்டியதுதான். அவளைப் போன்றவர்கள் நன்றாகத் தைக்கட்டும். ஆயிரத்தில் ஒரு சொட்டுக்காக ஆயிரம் சொட்டையும் ஊருக்குள் கொட்டுகிற பைத்தியக்காரத்தனத்துக்கு ஒரு முடிவு வேண்டும். ஆனால் நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல், மூக்குக்கும் எட்டாமல் போகப் போக, அளந்து ஊற்றுகிறவனின் யோக்கியதையைத் தவிர அடிக்கிறவனுக்கு வேறு காவல் இல்லாமற் போகிறது. அளவைச் சொல்ல வேண்டும். அடிக்கிறவனுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். 'இது அதிகம்' என்று சொல்ல அவனுக்கு உரிமை இருக்க வேண்டும். அந்த உரிமையை எந்த ஆராய்ச்சிச் சாலையிலும் செய்து புட்டியில் அடைத்து அனுப்ப முடியாது. நாம்தான் கொடுக்க வேண்டும்.

மருமகள் அன்று தன் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டாள். "என்ன எழுதினாய்?" என்று கேட்டதற்கு, "வாடையும் நிறமும் சேர்க்க வேண்டும் என்று" என்றாள். சமையல் வாயுவுக்கு இயற்கையில் நெடி இல்லையாம். கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அதில் நெடியைக் கலக்கிறார்களாம். படிக்காத ஒருவர் சொன்னதைப் படித்த பெண் எழுதிக்கொண்டதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அண்ணன் புறப்பட எழுந்தார். வேட்டியை வாங்கிக்கொண்டார். வாசற்படி இறங்கப் போனவர், திண்ணையின் மேல் இருந்த கண்ணாடித் தம்ளரைப் பார்த்து நின்றார். டெட்டால் விட்ட தண்ணீர் அதில் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது.

"தம்பி, இதை முதல்லே கொட்டிடுங்க. புள்ளைங்க நடமாடற இடம். யாராச்சும் பாலுன்னு எடுத்துக் குடிச்சிடப் போறாங்க" என்றார்.

நான் எழுந்து போய்க் கொட்டினேன். தம்ளரை மூன்று தடவை கழுவினேன்.